பின்பிடிக்காரன் வாக்கு

உட்காருங்க. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்க, உங்கள் முகத்தில் வெளிச்சம் படட்டும். முகம் பார்த்துப் பேசினால்தான் எனக்குப் பேசின மாதிரி இருக்கும். இப்போதெல்லாம் எல்லாரும் தரையைப் பார்த்து முனகுகிறார்கள். எங்கே கற்றுக்கொண்டார்களோ தெரியவில்லை. என் பெண்ணும் அப்படித்தான், அவள் புருஷனும் அப்படித்தான்.

எழுந்து வந்து கூப்பிடவில்லை என்று நினைக்காதீங்க. இந்த வலது முட்டி மடங்காது. கஷ்டப்பட்டு மடக்கினால் நிமிராது. வாசலில் நின்று நாலைந்து தடவை கூப்பிட்டீர்களாம், பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அவள் உள்ளே வந்து தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தேன். ஏதோ யோசனையில் இருந்திருக்கிறேன். தனியாக இருக்கிறவனுக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை.

நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டேன். நல்ல கையெழுத்து. ஓசூரில் பவுண்டரி, சூப்பர்வைசர், பெயர் ஜெகதீசன். லேடில் முன்பிடிக்கு ஆள் வேண்டும். திருமூர்த்தி வேலை கேட்டிருக்கிறான். அவன் எப்படி என்று நஞ்சப்பனிடம் கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறீங்க.

முறை தெரிந்த ஆள் நீங்க. முன்பிடிக்காரனைப் பற்றி முதலாளியிடம் கேட்டால் என்ன தெரியும்? லீவு போடுவானா, குடிப்பானா, அவ்வளவுதான் சொல்வார். அவன் பின்னால் லேடிலைப் பிடித்து நடந்தவனிடம்தான் கேட்க வேண்டும். கோயமுத்தூர் பவுண்டரிகளில் அதுதான் வழக்கம். பின்பிடிக்காரன் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆக, அவனுக்கு ஓசூரில் வேலை உண்டா இல்லையா என்பது இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற என் வாயில் இருக்கிறது.

என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே இன்னும் முடிவாகவில்லை. சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்க. உங்களுக்கு பஸ் எத்தனை மணிக்கு? பரவாயில்லை, நேரம் இருக்கிறது. இந்த வீட்டுக்கு ஒருவர் வந்து உட்கார்ந்து எவ்வளவோ நாளாகிறது. என் வீட்டுக்காரி தாராபுரத்தில் பெண் வீட்டில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது போனாள், அவனுக்கு இப்போது ஒன்றரை வயது. நானும் போய் ஒரு மாதம் இருந்தேன். நான் பேசினால் குழந்தை தூக்கம் கலைந்து அழுகிறது என்றார்கள். பேச்சுக்கே எழுந்துகொள்கிற குழந்தையை என்ன செய்வது. வந்துவிட்டேன்.

திருமூர்த்தி விஷயத்துக்கு வருகிறேன்.

லேடில் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் அவன் செய்தது என்ன என்று விளங்கும். உலையிலிருந்து இரும்புக் குழம்பை அந்த வாளியில் பிடித்து, இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தூக்கி நடக்கிறோம். முன்பிடியில் ஒற்றைத் தண்டு. பின்பிடியில் கவட்டைத் தண்டு. மணல் அச்சுப் பெட்டியில் சாய்த்து ஊற்றுவது பின்பிடிக்காரன் வேலை. வழி பார்ப்பது முன்பிடிக்காரன் வேலை. பின்னால் இருக்கிறவனுக்கு வழி தெரியாது. கண்ணுக்கு நேரே குழம்பின் வெளிச்சம், அதைப் பார்த்த கண்ணுக்குக் காலடி வெறும் கறுப்பு. அதனால் முன்னால் போகிறவன் கூப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். சோத்தாங்கை, பீச்சாங்கை, மேடு, பள்ளம், நில்லு. இந்த ஐந்து சொல்தான். இந்த ஐந்து சொல்லை நம்பித்தான் பின்னால் இருக்கிறவன் கால் வைக்கிறான்.

இருபது வருஷம் அவன் சொல்லை நம்பிக் கால் வைத்தேன். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறினதில்லை. உலைக்குக் காற்றடிக்கிற புளோயர் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினால் கேட்காது, ஆனால் அவன் குரல் எனக்குக் கேட்கும். அது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் முதுகைப் பார்த்தால் போதும், கேட்டுவிடும். பையன்கள் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்பார்கள். யார் புருஷன், யார் பெண்டாட்டி என்று ஒரு நாள் சண்டைகூட வந்தது. முன்னால் போகிறவன்தான் புருஷன் என்றான் ஒருத்தன். ஊற்றுகிறவன்தான் புருஷன் என்றான் இன்னொருத்தன். திருமூர்த்தி இரண்டு பேரிடமும் சொன்னான், "எங்கண்ணன்தான் புருசன். எந்நேரமும் வையறது அவருதான."

அவன் சொன்னது நிஜம். நான் வைவேன். அவன் வாங்கிக்கொள்வான். என்னைவிட மூன்று வயது இளையவன்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், நாளைக்கு நீங்கள் வந்து, இதைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே என்று கேட்கக் கூடாது. கூப்பிடுகிறபோது தண்டையும் சேர்த்து ஆட்டுவான். மேடு என்றால் ஒரு அமுக்கு. பீச்சாங்கை என்றால் அந்தப் பக்கம் சின்னதாக ஒரு இழுப்பு. நில்லு என்றால் இரண்டு அமுக்கு. முதலில் இந்தப் பழக்கம் கிடையாது. கடைசி ஐந்து வருஷமாகத்தான். எதற்குடா தண்டை ஆட்டுகிறாய் என்று கேட்டால் சிரிப்பான். தோள் வலிக்குது, அதனால தானா ஆடுது என்பான். தோள் வலிக்கிறவன் சரியாகத் திருப்பத்தில் மட்டும் ஆட்டுவானா? ஆனால் நானும் விட்டுவிட்டேன். ஒரு மனிதனிடம் ஒரு குறை இருந்தால் போகிறது.

ஒரு நாள் அவன் அமுக்கின அமுக்கில் குழம்பு தளும்பி ஒரு சொட்டு என் பூட்ஸ் மேல் விழுந்தது. காலைத் தொடவில்லை, தோல் பூட்ஸ் புகைந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. புதிதாக நாலு பேர் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். லேடிலை இறக்கிவிட்டுச் சொன்னேன்.

"ஏண்டா, ஆண்டவன் வாய எதுக்குடா குடுத்திருக்கான்? வாயில கூப்புடு. இனிமே தண்டத் தொட்டு ஆட்டுனீன்னா நான் உம்பின்னாடி வர மாட்டேன்."

அவன் என்னையே பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் புதுப் பையன்களைப் பார்த்தான். பிறகு, "சரிங்ணா" என்றான்.

அதற்குப் பிறகு தண்டை ஆட்டவில்லை. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். சொன்னால் கேட்கிற ஆள். அன்றைக்கு மிச்சம் இருந்த இரண்டு நடையும் நேர் வழி, திருப்பம் கிடையாது. தண்டு அசையவே இல்லை. பழக்கம் திருந்திவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த ஊற்று இரண்டு நாள் கழித்து. அன்றைக்குத்தான் இது.

நாங்கள் நடக்கிற பாதையில் ஒரு பெரிய பெட்டியை யாரோ இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கைப்பிடிக் காது உடைந்த பெட்டி, வெல்டிங்குக்குப் போக வேண்டியது. திருமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு பீச்சாங்கை பக்கமாகத் திரும்பிவிட்டான். நான் நேராகப் போனேன். எனக்கு என்ன தெரியும்? கூப்பிட்டால்தானே தெரியும். வலது கால் பெட்டிக்கும் மணலுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. உடம்பு அவன் பக்கம் திரும்புகிறது, கால் திரும்பவில்லை. முட்டிக்குள் ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்தது.

நான் விடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். கைப்பிடியை விட்டிருந்தால் அவ்வளவு குழம்பும் அவன் முதுகிலும் காலிலும்தான் போயிருக்கும். அவனுக்குத் தெரியவே தெரியாது, முன்னால் பார்த்துக்கொண்டு போகிறான். நான் ஒற்றைக் காலில் நின்றேன். தண்டு வரவில்லை என்று அவன் திரும்பிப் பார்த்து, மெதுவாக இறக்கி, லேடில் தரையில் உட்காருகிற வரைக்கும் நின்றேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதற்குப் பிறகுதான் விழுந்தேன். வேண்டுமானால் அங்கே இருந்த யாரிடமாவது கேளுங்க. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் என் கட்டில் பக்கத்திலேயே இருந்தான். வீட்டுக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே குனிந்து, திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்.

"கூப்புட்டேனுங்ணா. ரெண்டு தடவ கூப்புட்டேன். பீச்சாங்கைன்னு ரெண்டு தடவ கத்துனனுங்ணா."

நான் நம்பினேன். வலியில் இருந்தேன், அவன் அழுகிறான், நம்பினேன். என் கவனம் எங்கேயாவது போயிருக்கும் என்று என்னையே நொந்துகொண்டேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. கூப்பிட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னவன் அவன்.

முட்டியில் இரண்டு ஜவ்வு அறுந்துவிட்டது, உள்ளே இருக்கிற மெத்தை மாதிரி ஒன்று, அதுவும் போய்விட்டது. ஆபரேஷன் செய்தார்கள். முதலாளி பார்த்துக்கொண்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு பேர் வேலை செய்கிற இடம், ஈ.எஸ்.ஐ. கிடையாது, ஆனால் தொழிலாளிகள் பேரில் இன்சூரன்ஸ் கட்டியிருந்தார். சங்கத்திலிருந்து ஒரு வக்கீலம்மாவைக் கூட்டிவந்தார்கள். வேலை செய்கிற இடத்தில் நடந்ததுக்கு நஷ்டஈடு வரும், தொழிலாளர் ஆபீஸில் மனுப் போட வேண்டும் என்றார். மெடிக்கல் போர்டுக்குப் போனேன். முட்டியை மடக்கி நீட்டி அளந்தார்கள். ஒரு டாக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே கேள்வி கேட்டார், என் பெண்தான் பதில் சொன்னாள். நான் குந்த முடியாது, சுமை தூக்க முடியாது, படி ஏற முடியாது என்று எழுதி, இத்தனை சதவீதம் என்று போட்டுக் கொடுத்தார்கள்.

இன்சூரன்ஸ்காரர்கள் பதில் மனுப் போட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முட்டிக்கு வழக்குப் போட்டால் காதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எனக்குக் காது கேட்காதாம், அதை மறைத்து வேலை செய்தேனாம், அதனால் வந்த விபத்தாம். முட்டிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? புளோயர் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவனுக்குக் கொஞ்சம் மந்தம் இருக்கத்தான் செய்யும். யாருக்கு இல்லை? வக்கீலம்மா சிரிக்கவில்லை. அந்தப் பத்தியைப் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். என்னைக் காது டாக்டரிடம் போகச் சொன்னார். எனக்கு வலிப்பது கால், காது டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும் என்று போகவில்லை.

விசாரணை அன்றைக்கு முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சின்ன அறை, தலைக்கு மேல் பழைய ஃபேன், ஒரு பக்கம் டைப் அடிக்கிற பெண், நடுவில் தொழிலாளர் ஆணையர். இன்சூரன்ஸ் வக்கீல் இளவயசு ஆள், மரியாதையாகத்தான் பேசினார். எதிரில் நின்று ஐந்தாறு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். அப்புறம் என் நாற்காலிக்குப் பின்னால் நடந்து போனார். ஜன்னலைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். நான் ஆணையர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கேள்வி வரும் என்று. ஒன்றும் வரவில்லை. டைப் அடிக்கிற பெண் கையை எடுத்துவிட்டாள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். சட்டையில் பூச்சி ஏதாவது ஊர்கிறதா என்று குனிந்து பார்த்தேன். வக்கீல் சுற்றிக்கொண்டு எதிரில் வந்தார்.

"நான் இப்ப என்ன கேட்டேன், நஞ்சப்பன்?"

"நீங்க ஒண்ணும் கேக்கலைங்களே" என்றேன்.

அவர் ஆணையரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். என்னிடம் கேட்கக் கேள்வியில்லை, அதனால் தோற்றுப்போய் உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது. ஆனால் வக்கீலம்மா முகம் வெளுத்துப் போயிருந்தது. அந்தப் பெண் எப்போதுமே அப்படி, நல்லது நடந்தாலும் பயப்படுவார்.

அடுத்தது திருமூர்த்தி. எனக்குச் சாட்சி சொல்ல வந்தவன். கூப்பிட்டேன், பெட்டி பாதையில் கிடந்தது என்று சொல்வதாக வக்கீலம்மாவிடம் பேசி வைத்திருந்தான். கூண்டெல்லாம் கிடையாது, மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஆணையர் பேனாவால் மேஜையைத் தட்டினார்.

ஃபேன் சத்தத்தில் எனக்கு வார்த்தை சரியாக விழவில்லை. ஆனால் வாக்குமூலத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, அந்த பிளாஸ்டிக் கவரில், எடுத்துப் படிங்க. நான் படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கிறார், அன்றைக்குத் திரும்பும்போது குரல் கொடுத்தீர்களா?

"இல்லீங்க."

"எப்பவும் கூப்பிடுவீங்க இல்லையா?"

"எப்பவும் கூப்புடுவனுங்க."

"அன்னிக்கு மட்டும் ஏன் கூப்பிடல?"

"மறந்துட்டனுங்க."

"இதுல உங்க வேலையே போகும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா? கூப்பிட்டீங்க, அவருக்குக் கேக்கல. அதுதானே நடந்தது?"

"அவருக்கு எங்குரலு எப்பவும் கேக்குமுங்க. நாந்தான் கூப்புடல."

பார்த்தீர்களா? படிக்கிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் என்னைத்தான் பார்க்கிறார்கள், நீங்களும் பார்க்கிறீங்க. என்ன இருக்கிறது பார்க்க? இரண்டு வருஷமாக என் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன், கூப்பிட்டேன் என்றவன். சத்தியம் வாங்கினவுடனே உண்மை தானாக வெளியில் வந்துவிட்டது. மனசாட்சி உறுத்தியிருக்கும். அதற்குத்தான் என்னை அவ்வளவு நேரம் பார்த்தான்.

வக்கீலம்மா வெளியே ஓடி வந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினார், இன்றைக்கே சமரசம் பேசி முடித்துவிடலாம், அவர்கள் இறங்கி வருவார்கள் என்று. கூட வேலை செய்கிறவன் தப்பு என்று ஆகிவிட்டால் அவர்கள் நீட்டி இழுக்க இடமில்லையாம். அடுத்த வாரமே ஒப்பந்தம் எழுதி, ஆணையர் முன்னால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, பதிவு செய்தார்கள். தொகையை விடுங்க. வந்தது, இருக்கிறது. அதனால் எனக்குக் குந்தி உட்கார முடிந்துவிட்டதா?

அந்தச் சாட்சி முடிந்த அன்றைக்கு வெளியே வந்தேன். வராந்தாவில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் திருமூர்த்தி நின்றுகொண்டிருந்தான். நான் கம்பை ஊன்றிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனேன். தாண்டினவன் திரும்பி நின்றேன்.

"இருவது வருசம் உம் முதுகப் பாத்துக்கிட்டே நடந்தனேடா" என்றேன்.

அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னானோ. நான் கேட்க விரும்பவில்லை. அன்றைக்கு நிறுத்தினதுதான், அவனிடம் ஒரு வார்த்தை கிடையாது.

பவுண்டரியிலிருந்து அவனே நின்றுகொண்டான். இங்கே இந்த மாதிரிச் செய்தி எப்படிப் பரவும் என்று உங்களுக்குத் தெரியும். சத்தியம் பண்ணி, கூப்பிடவில்லை என்று ஒத்துக்கொண்டவன் பின்னால் எவன் நடப்பான்? கணபதி பவுண்டரிகளில் கேட்டான், பீளமேட்டில் கேட்டான், ஒரு இடத்திலும் முன்பிடி கொடுக்கவில்லை. இப்போது வெங்காய மண்டியில் மூட்டை இறக்குகிறான். கை இளைத்துப் போயிருக்கிறது. நாற்பத்தெட்டு வயசில் மூட்டை.

போன மாதம் அவன் சம்சாரம் ருக்குமணி வந்தாள். அதோ, அந்த நிலைப்படியில் நின்று, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினாள். அழுதுகொண்டே பேசினாள். காதைத் தொட்டுக் காட்டினாள், நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரிந்தது. அவளை நான் என்ன சொல்ல முடியும்? அவளா கூப்பிட மறந்தாள்? சரிம்மா, போம்மா என்றேன். அதற்கு இன்னும் அதிகமாக அழுதுகொண்டு போனாள்.

எழுதி எதற்குக் காட்டுகிறீங்க, பேசலாமே. கொடுங்க, கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். "அவரைப் பிறகு பார்த்தீர்களா?"

பார்ப்பேன். அதைச் சொல்லவில்லையா? ஞாயிற்றுக்கிழமை வருவான்.

வாரா வாரம். மண்டிக்கு லீவு. பத்து மணிக்கு வருவான், கதவு நிலையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான், கட்டில் வரைக்கும் அதிரும். அவன் தட்டினால் மட்டும் எனக்குத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தட்டவும் தெரியவில்லை. நான் போய்த் திறப்பேன். திறந்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். அவன் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பான். சிலிண்டர் தீர்ந்திருந்தால் மாற்றுவான். எனக்குக் குந்த முடியாது இல்லையா, கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து பெருக்குவான். அப்புறம் வாசல் படியில் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். நான் இங்கே கட்டிலில். டீ போடுவேன், அவனுடையதைப் படியில் வைத்துவிட்டு வருவேன். குடிப்பான், டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான், போவான். பாவத்தைக் கழிக்க வருகிறான், கழித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். வராதே என்று சொல்ல வேண்டும் என்றால் அவனிடம் பேச வேண்டும்.

மற்ற ஆறு நாளும் இங்கே யாரும் வருவதில்லை. வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்களாம், பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறாள். டிவி போட்டால் சத்தம் என்று கீழ்க்கோடி வீட்டுக்காரன் வருவான், அது ஒரு ஆள் கணக்கு.

சரி. உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உள்ளதைச் சொன்னால், இருபது வருஷத்தில் ஒரு தடவை மறந்தான். ஒரே ஒரு தடவை. வேறு ஒருத்தனாக இருந்தால் பத்துத் தடவை மறந்திருப்பான். மூட்டை தூக்கிப் பிழைக்கிற உடம்பு இல்லை அவனுக்கு. நானும் கல்லு இல்லை. எடுத்துக்கொள்ளுங்க, கூப்பிடு கூப்பிடு என்று மட்டும் சொல்லி வையுங்க என்று உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சம்பளம் எப்படி? நல்லது. தங்குகிற இடம்?

எழுதுங்க. "குடும்பத்துக்கு வீடு தருகிறோம். பவுண்டரி வளாகத்திலேயே."

குடும்பத்தோடு கூட்டிப்போய்விடுவீர்களா? நான் அவன் மட்டும் போய், வாரக் கடைசியில் வந்துபோவான் என்று நினைத்தேன். ஓசூர் எவ்வளவு தூரம்? ஏழு மணி நேரமா? லீவு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தானே. ஏழும் ஏழும் பதினாலு. வர முடியாது. பண்டிகைக்கு வருவான். பண்டிகைக்கு வந்தால் அவன் மாமனார் ஊர் உடுமலைக்குத்தான் போவான்.

அங்கே குளிர் ஜாஸ்தி என்கிறார்கள். ருக்குமணிக்கு இளைப்பு உண்டு. அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். குழந்தைகள் இங்கே தமிழில் படிக்கிறார்கள், அங்கே பாதி தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். அவனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை. இங்கே என்றால் மனுஷர்கள் இருக்கிறார்கள்.

அதுவும் தவிர, பின்பிடிக்குப் புதுசாக ஒருத்தன் வருவான் அல்லவா? அவனை நினைத்துப் பாருங்க. கல்யாணம் ஆகாத பையனாக இருப்பான். கண்ணுக்கு முன்னால் வெளிச்சம், காலடியில் கறுப்பு. முன்னால் இருக்கிறவன் மறந்துவிட்டால்? என்னிடம் கேட்டீர்கள், நான் சரி என்று சொன்னேன், அவன் முட்டி போய்விட்டது என்றால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? இது என் சொந்த விஷயம் இல்லை. எனக்கு அவன் மேல் கோபமே கிடையாது. கோபம் இருந்தால் டீ போட்டு வைப்பேனா?

வேண்டாம்ங்க. முன்பிடிக்கு அவன் வேண்டாம்.

பின்பிடிக்கும் வேண்டாம், அது அவனுக்குப் பழக்கமில்லை. வேறு எந்த வேலைக்கும் அவனைக் கூட்டிப்போக வேண்டாம். நஞ்சப்பன் சொன்னான் என்று எழுதிக்கொள்ளுங்க. எழுதிக்கொண்டீர்களா? ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நேரம் எழுதுகிறீங்க. பக்கம் முழுக்க எழுதியாகிவிட்டதே. எங்கே, காட்டுங்க. காட்ட மாட்டீர்களா? சரி, ஆபீஸ் விஷயம்.

எழுந்துவிட்டீங்களே. டீ குடித்துவிட்டுப் போகலாம். பால் இருக்கிறது. என் கையை எதற்குப் பிடித்துக்கொள்கிறீங்க, நான் ஒன்றும் செய்துவிடவில்லையே, கேட்டதற்குச் சொன்னேன். என் முகத்துக்கு நேரே நின்று ஏதோ சொல்கிறீங்க. மெதுவாகச் சொல்லுங்க. வேண்டாம், விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது உங்களுக்கு. கதவைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும்.

நீங்கள் வந்து போனதை அவனிடம் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் வேண்டாம். நாளைக்கு ஞாயிறு, வருவான், படியில் உட்காருவான், இருப்பான். எப்படிச் சொல்வேன்? நாங்கள்தான் பேசிக்கொள்வதில்லையே.